மூன்றாவது ஆயில் சீல்

காலையில் வேனுக்கு அடியிலிருந்து அட்டையை உருவிப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்று மாலைதான் மெக்கானிக் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தான், இனிமேல் ஒரு சொட்டு விழுந்தால் கடையைச் சாத்திவிட்டுப் போய்விடுகிறேன் என்று. ஒரு சொட்டா விழுந்திருந்தது? சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கருகருவென்று ஊறிப்போயிருந்தது. அந்த அட்டையை அப்படியே இரண்டாக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருமுனைக் கடைக்கு நடந்தாள். உடுப்பெல்லாம் ஆயில் ஆனதை அவள் கவனிக்கவில்லை, எதிரில் வந்தவர்கள் கவனித்து ஒதுங்கிக்கொண்டார்கள்.

ஒதுங்காமல் என்ன செய்வார்கள்? சரவெடி என்று அவளுக்குப் பெயரே உண்டு. வைத்தது வெளியாள் யாரும் இல்லை, கூடப் பிறந்த தம்பி, அதாவது இந்த மெக்கானிக்தான். ஒரு திரியில் நெருப்பு பட்டால் போதும், கடைசி வெடி வெடித்துத் தீர்கிறவரைக்கும் என் அக்காவை யாரும் அணைக்க முடியாது என்பான். பெயர் தெரு முழுக்கப் பரவிவிட்டது. அது அவள் காதுக்கு வந்த நாளில் அதற்காகவும் ஒரு ரவுண்டு வெடித்தாள்.

ஆனால் இந்தத் தடவை அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. வேன் அவளுடையது, அதாவது அவளுடையதும் அவள் புருஷனுடையதும். அவர்தான் டிரைவர். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய் விடுவதும் மாலையில் கொண்டுவந்து இறக்குவதும்தான் வேலை. இப்போது விடுமுறை. விடுமுறையில் பள்ளிக்கூடத்துக்காரர்கள் சும்மா இருக்காமல் முற்றம் முழுக்க வெள்ளைக் கல் பதித்துவிட்டார்கள். பதித்த கையோடு மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: பள்ளி திறக்கிற நாளிலிருந்து ஆயில் ஒழுகுகிற வண்டி எதுவும் கேட்டுக்குள் வரக்கூடாது, உங்கள் வண்டி ஒழுகினால் ரூட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம். பள்ளி திறப்பது திங்கட்கிழமை, இன்றைக்குச் சனிக்கிழமை.

ரூட் போனால் வயிற்றுக்கு இல்லாமல் போய்விடாது. அவளிடம் தையல் மெஷின் இருக்கிறது, கையில் எப்போதும் வேலை இருக்கிறது. அவளுடைய கவலை அதுவல்ல, அந்த மனுஷன்தான். மீசை முளைத்த நாளிலிருந்து ஸ்டியரிங் பிடித்த கை அது. வீட்டில் இருந்தால் அந்தக் கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியாது. நன்றாக இருக்கிற குழாயைத் திருகிக் கெடுப்பார். லீவு விட்டால் வாசலில் நிற்கிற வண்டியில் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து டீ குடிப்பார், கேட்டால் காற்று நன்றாக வருகிறது என்பார். பிள்ளைகள் “டிரைவர் தாத்தா” என்று கத்திக்கொண்டு ஓடி வருகிறபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த ஸ்டியரிங்கை அவரிடமிருந்து பிடுங்குகிறவன் எவனாக இருந்தாலும் அவன் கையை முறித்துவிடுவேன் என்ற வெறியில்தான் இந்த ஒரு மாதமும் அவள் சுற்றிக்கொண்டிருந்தாள்.

கடையில் தம்பி அப்போதுதான் டீ கிளாஸை வாயில் வைத்திருந்தான். அட்டையை அவன் முன்னால் மேஜைமேல் வீசினாள். கிடந்த போல்ட்டுகள் எல்லாம் துள்ளி விழுந்தன.

“இது என்னடா?”

தம்பி அட்டையைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், டீயைக் கீழே வைத்தான். “அக்கா, சீல் புது சீல்.”

“போன தடவையும் இதைத்தான் சொன்னே.”

“போன தடவை போட்டது மட்டமான சரக்கு, ஒத்துக்கறேன். இது ஒரிஜினல். இதைப் போடறதுக்காக ரெண்டாவது தடவை கியர் பாக்ஸை இறக்கி ஏத்தியிருக்கேன், என் இடுப்பைக் கேட்டுப்பாரு.”

“உன் இடுப்பை நான் எதுக்குடா கேக்கணும்? வண்டியைக் கேக்கறேன். பின் சீலை மாத்தினே. மறுபடியும் மாத்தினே. மேல் பேக்கிங் மாத்தினே, சைடு பேக்கிங் மாத்தினே. இன்னும் மாத்தாதது என்ன இருக்கு, ஹாரனா? அதையும் மாத்திடு, ஒருவேளை அங்கேருந்துதான் ஒழுகுதோ என்னமோ!”

பின் சீல் என்பது இன்ஜினும் கியர் பாக்ஸும் சேருகிற இடத்தில் இருக்கிற ரப்பர் வளையம். கையகலம்கூட இருக்காது. ஆனால் அதைத் தொடவேண்டும் என்றால் அந்தக் கனத்த கியர் பாக்ஸை இறக்கியாகவேண்டும். ஒழுகல் பின்பக்கம் என்றாலே எல்லா மெக்கானிக்கும் முதலில் கை நீட்டுவது அந்தச் சீலைத்தான். தம்பியும் நீட்டினான். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. இப்போது மூன்றாவது சீல் வாங்கிவரச் சொல்வானோ என்றுதான் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரம் பார்த்து டிரைவர் வேனை ஓட்டிக்கொண்டு கடைக்குள் வந்தார். மெதுவாக, அலுங்காமல் கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கி வந்து பானட்டைத் தட்டிக்கொடுத்தார்.

“காலங்காத்தால ஏம்மா அவனைப் போட்டு வறுக்கிறே? பழைய இன்ஜின், கொஞ்சம் கசியத்தான் செய்யும்.”

“பழசுன்னா ஒழுகணுமா? நானும்தான் பழசு, நான் ஒழுகறேனா?”

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அதை அப்படியே விழுங்கிவிட்டு, வேலைக்காரன் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டான். “அத்தான், ஆயில் லெவல் பார்த்தீங்களா?”

“காலையில பார்த்துட்டேன் மாப்ள. குறைஞ்சிருந்துச்சு. கொஞ்சம் ஊத்தினேன், இப்ப சரியா இருக்கு.”

தம்பி தலையாட்டிவிட்டு மேலே கேட்கவில்லை. அத்தான் பார்த்தேன் என்று சொன்னால் பார்த்ததுதான். அவர் சொன்னதைத் தானும் ஒரு தடவை பார்ப்பது என்பது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. அது அவரை முகத்துக்கு நேரே பொய் சொல்கிறீர்கள் என்பதற்குச் சமம். மற்ற வண்டி எது வந்தாலும் முதல் வேலையாக டிப்ஸ்டிக் என்கிற அளவுக் குச்சியை உருவி ஆயில் அளவைப் பார்க்கிற தம்பி, அத்தான் வண்டியில் மட்டும் அதைத் தொட்டதே இல்லை.

“வாய்ச் சவடால் போதும்” என்றாள் அவள். “எங்கேருந்து வருதுன்னு இன்னிக்கு என் கண்ணால பார்க்காம நான் இங்கேருந்து நகர மாட்டேன். என்ன செய்வியோ செய்.”

தம்பி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். டீசலும் பிரஷும் எடுத்து இன்ஜினை மேலிருந்து கீழ்வரை தேய்த்துக் கழுவினான். பல வருஷத்துப் பிசுக்கு சேறாக இறங்கிப் போயிற்று. காற்றடித்துக் காயவைத்தான். பிறகு அக்காவைப் பார்த்து, “பவுடர் வேணும்” என்றான்.

“என்ன பவுடர்?”

“மூஞ்சிக்குப் போடற பவுடர்தான். தூவிவிட்டா எங்க முதல்ல ஈரமாகுதுன்னு தெரிஞ்சிடும்.”

“எனக்கு ஒரு டப்பா வாங்கித்தர இந்த வீட்டுல நாதியில்ல, இந்தச் சனியனுக்குப் பவுடரா!” என்று திட்டிக்கொண்டே எதிர்க்கடைக்குப் போய் வாங்கிவந்தாள். அவளே தூவினாள். தூவுகிற கையில் அடிக்கிற வேகம் இருந்தது. டப்பா காலியானபோது இன்ஜின் வெள்ளைவெளேர் என்று கல்யாணப் பெண்ணாக நின்றது, கடை முழுக்க மல்லிகை வாசனை.

டிரைவர் ஏறி ஸ்டார்ட் செய்தார். அக்காவும் தம்பியும் டார்ச் அடித்துக்கொண்டு தலையை உள்ளே விட்டார்கள். சும்மா ஓடுகிறவரைக்கும் ஒன்றுமில்லை. “மிதிங்க அத்தான்” என்று தம்பி கத்தினான். இன்ஜின் உறுமியது. பின்பக்கம் கியர் பாக்ஸ் ஓரத்தில் வெள்ளையில் ஒரு கருப்புப் பொட்டு எழுந்தது.

“அதோ! அதோ பாரு! உன் சீல்தான்டா, ஒரிஜினல் சீல்!”

“இரு அக்கா.”

“என்ன இரு? இன்னும் என்ன இரு?”

“அக்கா, இங்க பாரு.” டார்ச் வேறு இடத்தில் நின்றது. டிப்ஸ்டிக் சொருகியிருக்கிற குழாயின் வாயிலிருந்து ஆயில் நுரைத்துக்கொண்டு வந்தது. அதற்கு மேலே மூடி ஓரத்தில் இன்னொரு கோடு. உள்ளே இருக்கிற காற்றை வெளியே விடுகிற ரப்பர் குழாய் முனையிலும் சொட்டு. ஒரு இடத்தில் தேடினால் நாலு இடத்தில் வந்தது. அவளுக்கே கத்துவதற்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை.

தம்பி கையைக் காட்டி இன்ஜினை நிறுத்தச் சொன்னான். முகம் செத்துப்போயிருந்தது.

“இது சீல் இல்ல அக்கா. உள்ள அழுத்தம் ஏறுது. போக வழியில்லாம கிடைச்ச சந்துல எல்லாம் ஆயிலைத் தள்ளிக்கிட்டு வருது. ஒண்ணு இந்தக் காத்துக் குழாய் அடைச்சிருக்கணும்.” அந்த ரப்பர் குழாயைக் கழற்றி வாயில் வைத்து ஊதினான். தாராளமாகப் போயிற்று. குழாயைக் கீழே போட்டான். “இல்லேன்னா பிஸ்டன் ரிங் தேஞ்சு போயிருக்கு. இன்ஜினைப் பிரிக்கணும்.”

“திங்கட்கிழமைக்குள்ள முடியுமா?”

“பிரிக்கவே திங்கட்கிழமை ஆயிடும்.”

இதற்குத்தான் அவள் காத்திருந்தாள் போல. ஒரு மாதமாக அடக்கி வைத்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது. அடக்கி வைத்தாளா என்று கேட்காதீர்கள், அவள் கணக்கில் அது அடக்கம்தான்.

“இதைச் சொல்ல உனக்கு ரெண்டு தடவை கியர் பாக்ஸை இறக்கணுமாடா? முதல் தடவையே இந்தப் பவுடரைத் தூவிப் பார்த்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்காது? லீவு ஒரு மாசம் கிடந்துச்சே, பிரிச்சு மேஞ்சிருக்கலாமே! சீலாம் சீலு! உன்னை நம்பி வண்டியை விட்டேன் பாரு, என் புத்தியை எதால அடிச்சுக்கறது? ஊர்ல எத்தனையோ மெக்கானிக் இருக்கான், தம்பியாச்சே தம்பியாச்சேன்னு உன் தலையில கட்டினேன். நீ தொழில் தெரிஞ்சவன்தானா, இல்ல சும்மா கையில கிரீஸைப் பூசிக்கிட்டு ஊரை ஏமாத்தறியா? இனிமே அக்கான்னு சொல்லிக்கிட்டு என் வாசப்படி ஏறினே, அவ்வளவுதான்!”

தம்பி கையிலிருந்த ஸ்பானரைச் சுவரில் விட்டெறிந்தான். அவனும் அதே வயிற்றில் பிறந்தவன்தானே. “போ! வேற எவன்கிட்ட வேணும்னாலும் கொண்டு போ! ராப்பகலா மல்லாக்கப் படுத்து முதுகு ஒடிஞ்சு போச்சு, ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை நல்லதா வந்துச்சா உன் வாயிலேருந்து? ஏறலை, உன் வாசப்படியை நான் ஏறவே மாட்டேன்!”

“ஐயோ, விடுங்களேன் ரெண்டு பேரும்” என்றார் டிரைவர். அவரை யாரும் கவனிக்கவில்லை.

தம்பி கோபத்தோடேயே வேலையைத் தொடர்ந்தான். பிரிப்பது என்றாலும், வேறு ஒருவனிடம் இழுத்துக்கொண்டு போவது என்றாலும், முதலில் ஆயிலை வடித்தாகவேண்டும். தகர டிரேயைக் காலாலேயே வேனுக்கு அடியில் தள்ளிவிட்டுப் படுத்து, அடிப்போல்ட்டைக் கழற்றினான். டிரே இந்த மாதிரி இன்ஜினுக்கென்றே அவன் வெட்டிச் செய்தது. முழு ஆயிலும் இறங்கினால்கூட விளிம்புக்குக் கீழே இரண்டு விரல் இடம் மிச்சம் இருக்கும். இந்த இன்ஜினில் ஆயில் மாற்றுவது எப்போதும் டிரைவர்தான், வீட்டு வாசலில் வைத்து அவரே செய்துகொள்வார். பின் சீல் மாற்ற ஆயிலை வடிக்க வேண்டியதும் இல்லை. அதனால் இந்த வண்டியின் ஆயில் இந்த டிரேயில் விழுவது இதுதான் முதல் தடவை.

விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது. இரண்டு விரல் இடமும் நிறைந்தது. விளிம்பைத் தொட்டது. அப்புறம் தாண்டியது. “ஏய், ஏய்!” என்று கத்திக்கொண்டு தம்பி போல்ட்டைத் தேடினான். சுடுகிற ஆயில் அவன் முழங்கையை நனைத்துக்கொண்டு சிமெண்ட் தரையில் ஓடி, அக்காவின் செருப்புவரைக்கும் வந்தது. அவள் பின்னால் நகர்ந்தாள்.

தம்பி வெளியே வந்து அப்படியே தரையில் உட்கார்ந்தான். ஆயிலைப் பார்த்தான். பிறகு பைத்தியம் பிடித்தவனாகச் சிரித்தான்.

“என்னடா பல்லைக் காட்டறே?”

“அக்கா, ரிங்கும் இல்ல, சீலும் இல்ல. ஆயில்! ஆயில் அளவுக்கு மேல கிடக்கு. எப்படிக் கிடக்கு பாரு, ரெண்டு வண்டிக்குக் காணும். அளவோட இருந்தா உள்ள சுத்தற கிராங்க் ஆயிலைத் தொடாது. இதுல முங்கிச் சுத்தியிருக்கு. அடிச்சு நுரையாக்கி, அழுத்தம் ஏறி, எல்லாச் சந்துலயும் துப்பியிருக்கு. இன்ஜின் ஒழுகல அக்கா, வாந்தி எடுக்குது! அது வாந்தி எடுக்க எடுக்க, குறைஞ்சு போச்சுன்னு நாம மறுபடி மறுபடி ஊட்டியிருக்கோம்.” சிரிப்பு நின்றது. “ரெண்டு சீலும் நல்ல சீல்தான்” என்றான், வேறு குரலில்.

“உன் பெருமையை அப்புறம் பீத்திக்கோ. நீ ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தக் குச்சியை உருவிப் பார்த்திருக்கக் கூடாதா?”

“அத்தான் பார்த்தேன்னு சொன்னதுக்கப்புறம் நான் எப்படி அக்கா பார்க்கிறது? அவரை நம்பலைன்னு ஆயிடாதா?”

இரண்டு பேரும் டிரைவரைப் பார்த்தார்கள். அவர் தரையில் பரவியிருந்த ஆயிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“தினம் காலையில பார்க்கறேன் பார்க்கறேன்னு சொன்னீங்களே” என்றாள் அவள். “என்னத்தைப் பார்த்தீங்க?”

“குச்சி தப்பா இருக்குமோ என்னமோ” என்றார்.

தம்பி அதைப் பாய்ந்து பிடித்துக்கொண்டான். அத்தான்மேல் தப்பு வராமல் இருக்க ஒரு வழி கிடைத்ததே என்று அவனுக்கு நிம்மதி. “இருக்கும் அக்கா, வேற இன்ஜின் குச்சியை எவனாவது சொருகியிருப்பான். பார்த்துடுவோம்.” அடிப்போல்ட்டை இறுக்கினான். புது ஆயிலை லிட்டர் மக்கில் அளந்து அளந்து, இந்த இன்ஜினுக்கு எவ்வளவோ அவ்வளவு மட்டும் ஊற்றினான். கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தி, ஆயில் கீழே இறங்கக் காத்திருந்தான். டிப்ஸ்டிக்கைத் துடைத்துச் சொருகி எடுத்தான். ஆயில் மேல்கோட்டைத் தொட்டு நின்றது, மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. குச்சி சரியான குச்சிதான். தம்பி மரியாதைக்காக அதை அத்தானிடமே நீட்டினான்.

“நீங்களே பாத்துச் சொல்லுங்க அத்தான்.”

டிரைவர் குச்சியை வாங்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனார். தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தார். வீட்டு வாசலில் தினமும் அவர் அப்படிச் சாய்த்துப் பார்ப்பதை அவள் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள், பழுத்த டிரைவர்களின் தோரணை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குப் பக்கத்தில் நின்றாள். அவருடைய கட்டைவிரல் நகம் குச்சியின்மேல் ஊர்ந்துபோய், கோடு வெட்டியிருக்கிற இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து நின்றது.

“கொஞ்சம் கம்மியா இருக்கு மாப்ள” என்றார். “இன்னும் ஒரு அரை லிட்டர் ஊத்தலாம்.”

தம்பி சிரித்தான். “புது ஆயில்ல அத்தான், தண்ணி கணக்கா இருக்கும், சட்டுனு தெரியாது.”

அவள் சிரிக்கவில்லை. அந்த நகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். குச்சியை அவர் கையிலிருந்து வாங்கினாள். வேனுக்கு முன்னால் போய், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஆயில் டின்னைத் தூக்கி இன்ஜின்மேல் ‘டங்’கென்று வைத்தாள். ஒரு சொட்டும் ஊற்றவில்லை. குச்சியைத் துணியால் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள், பொட்டு ஈரம் இல்லாமல் காயும்வரை துடைத்தாள். குழாயில் சொருகவே இல்லை. திரும்பி வந்து அவர் கையில் கொடுத்தாள்.

“ஊத்தியாச்சு. இப்ப பாருங்க.”

அவர் வெளிச்சத்தில் பிடித்தார், தலையைச் சாய்த்தார், நகம் ஊர்ந்தது.

“ம்” என்றார். “இப்ப சரியா இருக்கு.”

தம்பி வாயைத் திறந்தவன் திறந்தபடியே நின்றான். சரவெடிக்கு முதல் தடவையாகச் சத்தம் வரவில்லை. அந்த அமைதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது போலும். குச்சியை மெதுவாகக் கீழே இறக்கினார்.

“எப்போலேருந்து?” என்று கேட்டாள்.

“என்னது?”

“நடிக்காதீங்க. எப்போலேருந்து தெரியல உங்களுக்கு?”

“தெரியாம எல்லாம் இல்ல. நேரா பார்த்தா நடுவுல மட்டும் அழிஞ்ச மாதிரி இருக்கும். ஓரத்துல எல்லாம் நல்லா தெரியும். கொஞ்சம் தலையைத் திருப்பிக்கிட்டா ரோடு தெரியும். பழகிடுச்சு.”

“பழகிடுச்சா?” அவளுடைய குரல் திரும்பி வந்தது. “பழகிடுச்சா! டாக்டர்கிட்ட போனீங்களா?”

“போனா வண்டி ஓட்டாதேன்னு சொல்லிடுவாங்க. அதான் போகல.”

“அதான் போகலியா! வண்டி நிறைய அடுத்தவங்க பெத்த பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு, ரோட்டை ஓரக்கண்ணால பார்த்துக்கிட்டுப் போயிருக்கீங்க! ஸ்டாப்புல நிக்கிற பிள்ளை எப்படித் தெரியும் உங்களுக்கு?”

“நீலமா தெரியும். யூனிஃபார்ம்.”

“யூனிஃபார்ம் போடாத பிள்ளை குறுக்கே ஓடி வந்தா?”

அவர் குச்சியைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தார்.

“சொல்லுங்க! நீலம் போடாத ஒண்ணு, பந்தைத் துரத்திக்கிட்டு ஒண்ணு வண்டிக்கு முன்னால வந்தா என்ன பண்ணியிருப்பீங்க? வாயைத் திறந்து சொல்லுங்க!”

“வண்டியில இன்னிவரைக்கும் ஒரு கீறல் விழுந்திருக்கா?” என்றார். குரலில் பழைய ரோஷம் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. “நீயே பாரு, சுத்திப் பாரு. ஒரு கீறல் இருக்கா?”

“கீறலா? கீறல் விழுந்தா தட்டி எடுத்துப் பெயிண்ட் அடிச்சிடுவான் இவன். அந்தப் பிள்ளையைப் பெத்தவளுக்கு யார் பதில் சொல்றது? நானா? என் புருஷன் நல்லா ஓட்டுவார்மா, நீலமா இருந்தாத்தான் தெரியும்னு சொல்லட்டுமா?”

தம்பி, “அக்கா, போதும்” என்றான். அவள் காதில் விழவில்லை. அவளுக்கு அவரை நாலு அறை அறையவேண்டும் போலிருந்தது, அப்படியே இழுத்துக் கட்டிக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது. எதைச் செய்வது என்று தெரியாத ஆத்திரம் வேறு. ஒரு மாதமாக யாரோடெல்லாம் மல்லுக்கு நின்றாள்! மேனேஜரோடு, தம்பியோடு, சீல் விற்ற கடைக்காரனோடு. எல்லாம் எதற்கு? இந்த மனுஷனை அந்த சீட்டிலேயே உட்காரவைக்கத்தான். கண் தெரியாத ஒருத்தரைப் பிள்ளைகள் வண்டியில் உட்காரவைக்க ஊரோடு சண்டை போட்டிருக்கிறாள். அதை நினைத்தபோது அவர்மேல் இருந்த கோபம் அவள்மேலேயே திரும்பியது. அது திரும்பிய வேகத்தில் இன்னும் பலமாகக் கத்தினாள்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“உன்கிட்டயா?” என்றார் அவர். தம்பி தரையைப் பார்த்தான்.

மேஜைமேல் இருந்த அவளுடைய ஃபோன் அடித்தது. பள்ளிக்கூடத்து மேனேஜர். சனிக்கிழமை மதியத்துக்குள் சொல்லிவிடுகிறேன் என்று அவள்தான் அவருக்குச் சவால் விட்டிருந்தாள்.

“என்னம்மா, வண்டி என்ன ஆச்சு? ஒழுகல் நின்னுச்சா?”

“நின்னுடுச்சு சார். இனிமே ஒரு சொட்டு விழாது.”

டிரைவர் சட்டென்று நிமிர்ந்தார். அவளைப் பார்ப்பதற்காகத் தலையைக் கொஞ்சம் சாய்த்தார். அதைப் பார்க்கச் சகிக்காமல் அவள் திரும்பிக்கொண்டாள்.

“நல்லதாப் போச்சு. அப்ப திங்கட்கிழமை வண்டி வந்துடும்ல?”

“வராது சார்.”

“என்னம்மா சொல்றே? இப்பதானே நின்னுடுச்சுன்னே?”

“வராது சார். அந்த ரூட்டை வேற யாருக்காவது குடுத்துடுங்க” என்று சொல்லி ஃபோனை வைத்தாள்.

தம்பி ஒரு பழைய துணியை எடுத்துத் தரையில் போட்டு, காலால் ஆயிலை ஒற்றிக்கொண்டிருந்தான்.

“ஒழுகல்தான் நின்னுடுச்சேம்மா” என்றார் டிரைவர். சின்னப் பிள்ளை கெஞ்சுகிற குரலில் சொன்னார். இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை.

“ஆமா, நின்னுடுச்சு! நின்னா? நின்னா என்ன இப்போ?” தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது, அதைத் துடைக்கக்கூட அவளுக்குப் பொறுமை இல்லை. கையை நீட்டினாள். “சாவியைக் குடுங்க! குடுங்கன்னு சொல்றேன்ல, நிக்கிறீங்களே மரமாட்டம்! திங்கட்கிழமை உங்களை எங்க கூட்டிக்கிட்டுப் போறேன் பாருங்க. எந்த டாக்டர் என்ன சொன்னாலும் வாயை மூடிக்கிட்டு உக்காந்து கேக்கணும். அதுக்கப்புறம் வீட்டுல எத்தனை குழாயை வேணும்னாலும் திருகிக் கெடுத்துக்கோங்க, நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். சாவி!”

அவர் பையில் கையை விட்டுச் சாவியை எடுத்தார். இந்தத் தடவை தலையைச் சாய்க்காமல், அவள் கையை நேராகப் பார்த்துக்கொண்டே நீட்டினார். அவளுடைய கை இருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி நீட்டினார். அவள் கத்திக்கொண்டே கையை நகர்த்தி வாங்கிக்கொண்டாள்.